முன் இருக்கையில் இருந்தவள்

மனாகுவா
நிகராகுவா, 6 மே 2001, ஞாயிறு

மதிப்பிற்குரிய லொரேத்தோ அம்மாளுக்கு,

என் பெயர் நூபியா. மார்ச் இருபதாம் தேதி உங்கள் மேஜைக்கு முன்னால் உட்காரவைத்துப் பாடாய்ப் படுத்தினீர்களே, பள்ளி மைக்ரோபஸ் ஓட்டும் எவெனோர், அவருடைய மனைவி. நீங்கள் பாட்டுக்குச் சோதனையை முடித்து ஒரு தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, படகேறிப் போக வேண்டிய ப்ளூஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு மாற்றலாகிப் போய்விட்டீர்கள். அந்தத் தாளைச் சுமந்துகொண்டு நாங்கள் அலைகிறோம்.

அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று உங்களுக்கு மறந்திருக்கும். நான் சொல்கிறேன். "நோயாளிக்குத் தான் வசிக்கும் இடம் பற்றிய தெளிவு இல்லை. முகவரி கேட்டபோது, இப்போது இல்லாத ஒரு ஐஸ் ஃபேக்டரியையும் எப்போதோ வெட்டப்பட்ட ஒரு மாமரத்தையும் குறிப்பிடுகிறார். கடந்த காலத்தில் வாழ்கிறார்."

அம்மா, நாங்கள் எல்லோருமே அந்த ஐஸ் ஃபேக்டரியிலிருந்துதான் வழி சொல்கிறோம்! எழுபத்திரண்டாம் வருஷத்து நிலநடுக்கத்தில் அது தரைமட்டமானது. அதனால் என்ன? ஐஸ் ஃபேக்டரி இருந்த இடத்திலிருந்து ஏரியைப் பார்த்து இரண்டு தெரு, கிழக்கே அரைத் தெரு, மாமரம் இருந்த மூலை. இதுதான் எங்கள் முகவரி. தபால்காரர் இதை வைத்துத்தான் வருகிறார். இந்த உறையின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், அங்கேயும் இதுதான் இருக்கும். ஐந்து மாதம் மனாகுவாவில் இருந்தீர்களே, டாக்ஸிக்காரனிடம் என்ன சொல்லி வீடு போய்ச் சேர்ந்தீர்கள்?

உங்கள் தாளைத் தெருவில் வாசித்துக் காட்டினேன். எதிர்வீட்டுக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அப்பன்னா இந்த ஊருக்கே பக்கவாதம்தான். என்னையும் ஒரு தாள்ல எழுதிக்கச் சொல்லுங்க."

எவெனோருக்கு ஜனவரியில் வந்தது லேசான பக்கவாதம். டாக்டரே லேசு என்றுதான் சொன்னார். நான்காம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார். கை விளங்குகிறது, வாய் கோணவில்லை, பேச்சு முன்னைவிட ஜாஸ்தி. பிப்ரவரியில் பள்ளி திறந்ததிலிருந்து பதினோரு பிள்ளைகளைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் மத்தியானம் கொண்டுவந்து விடுகிறார். ஒரு நாள் தவறவில்லை. இப்போது பெற்றோர்கள், "ஜூன் பொறக்கறதுக்குள்ள தகுதிச் சான்று வேணும், தோன்யா நூபியா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று மரியாதையாகவே சொல்கிறார்கள். வண்டி நின்றால் எங்கள் அடுப்பும் நிற்கும். கிளினிக்கில் கேட்டால், எழுதியவரே திருத்த வேண்டுமாம்.

திருத்துங்கள்.

நூபியா


ப்ளூஃபீல்ட்ஸ்
10 மே 2001

அன்புள்ள தோன்யா நூபியா அவர்களுக்கு,

மன்னிப்புக் கேட்டுத் தொடங்குகிறேன். முகவரி விஷயத்தில் தவறு முழுவதும் என்னுடையது. நான் சிலி நாட்டின் தெற்குக் கோடியில் பிறந்தவள். எங்கள் ஊரில் வீட்டுக்கு நம்பர் உண்டு. மனாகுவாவில் கிளினிக்குக்கு எதிரிலேயே தங்கியிருந்ததால் டாக்ஸி ஏறும் தேவை எனக்கு வரவே இல்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இங்கே செவிலியர்களிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. தினமும் காலையில் வார்டுக்குள் நுழைந்ததும், "லொரேத்தோ, நாம இன்னிக்கி எந்த வருஷத்துல இருக்கோம்?" என்று கேட்கிறார்கள். தலைமை மருத்துவர்கூடக் கேட்டுவிட்டார். முப்பத்தொரு வயதில் இப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதில்லை.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அன்று நீங்கள் வெளியே வராந்தாவில் காத்திருந்தீர்கள். பக்கவாதம் வந்தவர்களை அன்றாட வேலை செய்யவைத்துச் சோதிப்பதுதான் என் தொழில். நான் அவரைச் சந்தைக்குக் கூட்டிப்போய், ஐந்து பொருள் வாங்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். இரண்டாவது கடையில் நின்றபோது, "திட்டம் மாறிவிட்டது, தக்காளி வேண்டாம், முதலில் மெழுகுவத்தி" என்றேன். "சரி, தக்காளி வேணாம், மொதல்ல மெழுகுவத்தி" என்று அழகாகத் திருப்பிச் சொன்னார். சொல்லிக்கொண்டே நேராகப் போய்த் தக்காளி வாங்கினார். இரண்டாம் முறை மாற்றியபோதும் அப்படியே.

லேசான பக்கவாதத்தில் இப்படி ஆவதுண்டு. நடைக்கும் பேச்சுக்கும் ஒன்றும் ஆவதில்லை. வழக்கமான வேலை வழக்கம்போல நடக்கும். ஏதாவது ஒன்று மாறினால் சிக்கிக்கொள்வார்கள். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்கே தெரியாது.

ஆனால் முகவரியில் தவறிய நான் இதிலும் தவறியிருக்கலாம். பதினேழாம் தேதி மனாகுவா வருகிறேன். மறுபடி செய்து பார்ப்போம். நீங்களும் கூடவே வாருங்கள். பழகிய முகம் பக்கத்தில் இருந்தால் அவருக்குப் பதற்றம் குறையும்.

லொரேத்தோ


மனாகுவா
20 மே 2001

லொரேத்தோ அம்மா,

பார்த்தீர்களா?

மூன்று முறை மாற்றினீர்கள். நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மெழுகுவத்திக்கு மாற்றினீர்கள், திரும்பினார். நூல்கண்டு என்றீர்கள், திரும்பினார். "இல்லை, முதலில் பூண்டு" என்றீர்கள், அதற்கும் திரும்பினார். உங்கள் பேனாவே களைத்துப்போனது. வீட்டுக்கு வரும் வழியில் எவெனோர் சொன்னார்: "பாவம், நூபியா, அந்தப் பொண்ணு. எதை வாங்கச் சொன்னோம்னு தனக்கே ஞாபகமில்லாம மாத்தி மாத்திச் சொல்லுது. யாராச்சும் அதைக் கூட்டிட்டுப் போயிக் காட்டணும்."

கோபம் போய்விட்டது, பயப்படாதீர்கள். அடுத்த தடவை வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். வழி தெரியும் அல்லவா, ஐஸ் ஃபேக்டரியிலிருந்து?

சான்றைச் சீக்கிரம் அனுப்புங்கள். பெற்றோர்கள் வாயை மூட வேண்டும்.

நூபியா


ப்ளூஃபீல்ட்ஸ்
25 மே 2001

அன்புள்ள தோன்யா நூபியா,

சான்றில் கையெழுத்திட்டு இன்றைய படகில் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டேன். நூற்றுக்கு நூறு. "எந்தக் கட்டுப்பாடும் இன்றிப் பணி செய்யலாம்" என்று எழுதியிருக்கிறேன். ஜூன் ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் முத்திரை வைத்துத் தருவார்கள். அசல் சான்று என்பதால் குடும்பத்தில் ஒருவர் நேரில் வந்து கையெழுத்திட்டு வாங்க வேண்டும்.

ஒரு சின்ன நெருடல். எட்டு வாரத்தில் இவ்வளவு முன்னேற்றத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பேனாவை எடுத்துவிட்டுச் சற்று நேரம் கையெழுத்திடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு, ஏற்கனவே ஒருமுறை புரியாமல் எழுதி ஊர் சிரிக்கும்படி ஆயிற்று, இரண்டாம் முறையும் சந்தேகப்பட்டால் கோளாறு என்னிடம்தான் என்று நினைத்துப் போட்டுவிட்டேன். அவருக்கு என் வாழ்த்துகள்.

லொரேத்தோ


மனாகுவா
2 ஜூன் 2001, சனி

லொரேத்தோ,

பெயரோடு 'அம்மா' சேர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை.

நேற்று ஏழு மணிக்கே கிளினிக்கில் வரிசையில் நின்றேன். முத்திரை வைத்திருக்கும் ஆள் பதினொன்றரைக்கு வந்தான். சான்று என் கைக்கு வந்தபோது ஒரு மணி. வெளியே மழை. ஜூன் மழை இங்கே எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பஸ் ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர மூன்றாகிவிட்டது. எவெனோர் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சான்றைக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். சட்டம் போட்டு மாட்டலாம் என்றார்.

ஐந்தேகாலுக்கு மர்லீன் ஓடி வந்தாள். எங்கள் வண்டியில் வரும் கடைசிக்குட்டி யாரித்ஸாவின் அம்மா. யாரித்ஸாவுக்கு ஐந்து வயது. தலையெல்லாம் நனைந்து, வாசலிலேயே நின்று கேட்டாள்.

"தோன் எவெனோர், பாப்பா எங்க?"

"எந்தப் பாப்பா?"

"எம் பாப்பா! காலைல சொன்னேனே. இன்னிக்கி எனக்கு மசாயாவுல வேலை, வீடு பூட்டியிருக்கும், என் தங்கச்சி வீட்டுல விட்டுடுங்கன்னு."

"ஆமா, சொன்னே. வீடு பூட்டியிருக்கும், சித்தி வீட்டுல விடணும். பேக்கரிக்குப் பின்னாடி பச்சைக் கதவு. நல்லா ஞாபகமிருக்கு."

"அங்க வரலையே!"

"அங்க எப்படி வரும்? நான் வீட்டுலதானே விட்டேன்."

"யார் வீட்டுல?"

"அவ வீட்டுலதான். யாரித்ஸா வீட்டுல."

சிரித்த முகமாகச் சொன்னார், லொரேத்தோ. எதையும் மறைக்கவில்லை. மறந்தவர் முகமும் அது இல்லை. மர்லீன் சொன்னது ஒரு சொல் பிசகாமல் அவருக்குத் தெரிந்திருந்தது. அதையும் சொல்கிறார், பூட்டிய வீட்டு வாசலில் இறக்கிவிட்டதையும் சொல்கிறார், இரண்டுக்கும் நடுவில் ஏதோ தப்பாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியவே இல்லை. நான் மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார். முப்பத்திரண்டு வருஷம் கூடப் படுத்து எழுந்த மனுஷனை யாரோ போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மர்லீன் வீட்டுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவில் ஒரே ஒரு தெருதான். மழை வலுத்தால் மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் அதில் லாரியையே புரட்டும். வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை அதில் போகும். நாங்கள் போனபோது யாரித்ஸாவின் புத்தகப் பை வாசல் கேட்டின் கம்பியில் மாட்டியிருந்தது. வாய்க்கால் ஓரத்தில் சேற்றில் ஒரு செருப்பு கிடந்தது. அதை மர்லீன் எடுத்த விதத்தை என்னால் எழுத முடியாது. தெருவே இறங்கித் தேடியது. எல்லோரையும் விடச் சத்தமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு தேடியவர் எவெனோர்.

ஆறேமுக்காலுக்குக் கிடைத்தாள். பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய், ஒரு பஞ்சர் கடையில் டயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் ரொட்டி கொடுத்து, சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டிருக்கிறார். தண்ணீர் பாலத்துக்கு ஒரு முழம் கீழே ஓடிக்கொண்டிருந்தபோது அவள் தனியாக அதன் மேல் நடந்து போயிருக்கிறாள்.

உயிரோடு இருக்கிறாள். காய்ச்சல். யார் தொட்டாலும் அலறுகிறாள்.

நூற்றுக்கு நூறு போட்டீர்களே, எதைப் பார்த்துப் போட்டீர்கள்? எந்தக் கட்டுப்பாடும் இன்றி என்று எழுதினீர்களே, எந்தக் கையால் எழுதினீர்கள்?

நூபியா


ப்ளூஃபீல்ட்ஸ்
7 ஜூன் 2001

தோன்யா நூபியா,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்து முடித்தேன். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தேன். அந்தக் கை இதுதான். இதே கையால்தான் எழுதினேன். நெருடியதை விழுங்கிவிட்டு எழுதினேன். அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை.

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? தயவுசெய்து எழுதுங்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும், கோபப்படாதீர்கள். நீங்கள் விவரித்தது மார்ச்சில் நான் பார்த்த அதே மனிதரை. தக்காளி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தக்காளி வாங்கியவர். ஆனால் பதினேழாம் தேதி சந்தையில் மூன்று முறை மாற்றினேன், மூன்று முறையும் உடனே திரும்பினார். அது எப்படி? பிப்ரவரியிலிருந்து மே வரை அந்தப் பதினோரு பிள்ளைகளின் வழியில் எதுவுமே மாறாமலா இருந்திருக்கும்? அப்போதெல்லாம் எப்படிச் சமாளித்தார்?

எனக்குத் தூக்கம் வரவில்லை. தெரிந்தால் சொல்லுங்கள்.

லொரேத்தோ


மனாகுவா
12 ஜூன் 2001

லொரேத்தோ,

காய்ச்சல் விட்டுவிட்டது. மழை வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாளாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத மூன்று தாள் கிழித்தேன். இது நான்காவது.

பிப்ரவரியிலிருந்து நான் முன் இருக்கையில் உட்கார்ந்து போகிறேன். பிள்ளைகளைத் தூக்கி இறக்க ஆள் வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். என்னிடமே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். முதல் வாரத்திலேயே ஒரு நாள், தெருவில் பள்ளம் தோண்டி மறித்திருந்தார்கள். எவெனோர் வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள். "என்ன கிழவா, சுத்திப் போ" என்றேன். "சுத்தித்தான் போகணும்" என்றார். நகரவில்லை. நான் இடது பக்கம் காட்டினேன். உடனே ஒடித்துத் திருப்பினார், என்ன லாவகமாக! இருபது வருஷம் ஓட்டிய கை அல்லவா.

எப்படிக் காட்டினேன் தெரியுமா? உதட்டால். நீங்கள் விரலை நீட்டுவீர்கள். நாங்கள் உதட்டைக் குவித்து அந்தப் பக்கம் நீட்டுவோம். பால் எங்கே என்றால் உதடு, யார் எடுத்தது என்றால் உதடு, பஸ் எந்தப் பக்கம் என்றாலும் உதடு. இந்த ஊரில் எல்லோரும் உங்களுக்கு அப்படித்தான் வழி காட்டியிருப்பார்கள். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், ஐஸ் ஃபேக்டரியைக் கவனிக்காதது மாதிரி.

சந்தையில் நீங்கள் முதல் முறை மாற்றியபோது அவர் நின்றார். நீங்கள் தாளில் குறிக்கக் குனிந்தீர்கள். அவர் என்னைப் பார்த்தார். என் உதடு மெழுகுவத்திக் கடைப் பக்கம் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அது போனது எனக்கே தெரியாது. மூன்று மாதப் பழக்கம். இரண்டாவது முறை தெரிந்தது. மூன்றாவது முறை, நீங்கள் குனியட்டும் என்று காத்திருந்து காட்டினேன்.

ஆக நீங்கள் நூற்றுக்கு நூறு போட்டது எனக்கு.

அந்த வெள்ளிக்கிழமை முன் இருக்கை காலியாக இருந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிய தாளை வாங்க நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள் முதல் தாளில் முகவரி மட்டும்தான் தப்பு. தக்காளியைப் பற்றி எழுதியது அத்தனையும் உண்மை என்று படித்தவுடனே எனக்குத் தெரிந்தது. அதனால்தான் முகவரியை மட்டும் தெருவில் வாசித்துக் காட்டினேன். சிரிப்புச் சத்தத்தில் மீதியை யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா.

இன்னும் ஒன்று. நீங்கள் திட்டுவீர்கள். ஏழு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மீதி நான்கு வீட்டில், "சான்றுதான் வந்துடுச்சே, ஏதோ ஒரு நாள் மறதி" என்கிறார்கள். அவர் இன்னும் ஓட்டுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இன்று காலைகூட.

நூபியா


ப்ளூஃபீல்ட்ஸ்
15 ஜூன் 2001

தோன்யா நூபியா,

வண்டியை நிறுத்துங்கள். இந்தத் தாளைக் கீழே வைத்தவுடன். பிரேக் போய்விட்டது என்று சொல்லுங்கள், எதையாவது சொல்லுங்கள். நான்கு பிள்ளைகளும் அதில் இனி ஏறக் கூடாது. சான்றை ரத்து செய்து கிளினிக்குக்கு எழுதிவிட்டேன். என்னால் நேர்ந்த தவறு என்றும் எழுதியிருக்கிறேன். உங்களைப் பற்றி எழுதவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

மே பதினேழாம் தேதி என் குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: "மனைவி பதற்றமாக இருக்கிறார். அடிக்கடி உதடு அசைகிறது. ஜெபம் சொல்கிறார் போலும்."

பார்த்தும் இருக்கிறேன், எழுதியும் வைத்திருக்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால் என்னால் அங்கே வர முடியாது. ஆறு பெருகி, படகு நிறுத்தி நிறுத்தி விடுகிறார்கள். அதுவரை நீங்கள் ஒன்று செய்யுங்கள். அவர் நாள்தோறும் செய்கிற ஏதாவது ஒரு வேலை, காலைச் சாப்பாடாகவே இருக்கட்டும், இரண்டு பேருக்கு அவரே சமைக்கட்டும். பாதியில் ஒன்றை மாற்றுங்கள். மூன்றாவதாக ஒருவர் வருகிறார் என்று சொல்லுங்கள், உண்மையிலேயே வரவழையுங்கள். பிறகு அவர் கண்ணில் படாத இடத்தில் உட்காருங்கள். உங்கள் கை, கண், உதடு எதுவும் அவருக்குத் தெரியக் கூடாது. அடுப்பு பற்றிக்கொள்ளும் என்றால் மட்டும் எழுந்திருங்கள். திருத்தாதீர்கள், திட்டாதீர்கள், உதவாதீர்கள். பார்த்ததை அப்படியே எழுதுங்கள்.

நான் சொல்லி அவருக்கு விளங்காது, நீங்கள் சொன்னாலும் விளங்காது. தன் கை செய்ததைத் தானே கண்ணால் பார்த்தால் சிலருக்கு விளங்கும். எல்லோருக்கும் விளங்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

லொரேத்தோ


மனாகுவா
20 ஜூன் 2001

லொரேத்தோ,

இன்று காலை செய்தேன்.

பிரேக் போய்விட்டது என்று திங்கட்கிழமை சொன்னேன், நம்பிவிட்டார். ஆனாலும் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து வண்டியைக் கழுவுகிறார். சாவி இடுப்பில்தான் தொங்குகிறது. இன்றும் கழுவிவிட்டு வந்ததும், "கிழவா, எனக்கு முடியலை, இன்னிக்கி நீ சமையேன். ரெண்டு பேருக்குத்தான்" என்றேன். குஷியாகிவிட்டார். சோறும் சிவப்பு பீன்ஸும் எடுத்து வைத்தார், வெங்காயம் நறுக்கினார், பாடினார். வெங்காயத்தை என்னைவிடப் பொடியாக நறுக்குவார்.

பாதியில் சொன்னேன். "உன் தங்கச்சி சொக்கோர்ரோவும் சாப்பிட வர்றா. மூணு பேருக்குச் செய்." "சரி, சொக்கோர்ரோ வர்றா. மூணு பேரு" என்றார். மூன்று விரலைக்கூட நீட்டிக் காட்டினார். நான் அறை வாசலில் திரைச்சீலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தேன். என் வீட்டில் நானே திருடி மாதிரி.

எண்ணெயை அடுப்பில் வைத்தார். வைத்துவிட்டுத் தயிர்க்கட்டி வாங்கக் கடைக்குப் போய்விட்டார். எண்ணெய் புகைந்தது. நீங்கள் சொன்னபடி கொஞ்சம் பொறுத்தேன், பிறகு போய் அணைத்தேன். திரும்பி வந்தவர், யார் அணைத்தது என்று கேட்கவே இல்லை. மறுபடி பற்றவைத்தார். ரத்த அழுத்த மாத்திரை கண்ணெதிரே இருந்தது. அதை இரண்டு தடவை நகர்த்தி வைத்துவிட்டு வேலை செய்தார், போடவில்லை. மூன்று தடவை அப்படியே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. என் முகத்தைத் தேடுகிறார். திரையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை மாதமாக அவர் தடுமாறும் அந்த இடத்தில் எல்லாம் நான் நின்றிருக்கிறேன், லொரேத்தோ. ஒரு வேலைக்கு எத்தனை இடம்! அவர் தனியாக எப்படி இருக்கிறார் என்று ஜனவரிக்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. இன்றுதான் பார்த்தேன், பயந்துபோனேன்.

இரண்டு முட்டை உடைத்தார். இரண்டு தட்டு வைத்தார்.

சொக்கோர்ரோ வந்து உட்கார்ந்தாள். நானும் வந்து உட்கார்ந்தேன். அவர் தன் தட்டை இழுத்துக்கொண்டார், என் தட்டை என் பக்கம் தள்ளினார். சொக்கோர்ரோவிடம் எதுவும் பேசாதே என்று சொல்லியிருந்தேன். அவள் வாய் சும்மா இருக்குமா? "அண்ணா, எனக்கு?" என்றாள்.

"உனக்குந்தான். நீ வர்றேன்னு நூபியா சொன்னாளே. மூணு பேருக்குன்னு..." என்று சொல்லிக்கொண்டே தட்டைப் பார்த்தார். விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். எங்கள் தலைகளை எண்ணினார். மறுபடி தட்டுகளை எண்ணினார். என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அவர் பார்க்கும்போது நான் முகத்தைக் காட்டாதது அதுதான் முதல் தடவை, லொரேத்தோ.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மறுபடியும் பக்கவாதம் வந்துவிட்டதோ என்று நான் பாதி எழுந்துவிட்டேன்.

"மூணுன்னு சொன்னேன்" என்றார். "சொல்லிட்டு ரெண்டு வச்சிருக்கேன்."

"ஆமா."

"எனக்குத் தெரியவே இல்லையே நூபியா."

"தெரியாது கிழவா."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அந்தப் பிள்ளையையும் இப்படித்தான் விட்டேனா?"

பத்தொன்பது நாளாயிற்று. யாரித்ஸாவைப் பற்றி ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. தன் மேல் தப்பு இருப்பதே தெரியாதவருக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அழுதுச்சா?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வாய் வரவில்லை.

"ரொம்ப அழுதுச்சு" என்றேன்.

அவர் எழுந்து நின்று, இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். நான் கேட்கவில்லை, நீட்டவும் இல்லை. பிறகு வெளியே போய், கழுவி வைத்திருந்த வண்டிக்குப் பக்கத்தில், வெயிலில் நின்றார். மத்தியானம் வரை உள்ளே வரவில்லை. சொக்கோர்ரோதான் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மாலையில் மர்லீன் வீட்டுக்குப் போகிறோம். போக வேண்டும் என்று சொன்னதே அவர்தான். நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

இருபத்தெட்டாம் தேதி வந்து மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். எவெனோர் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். என்னை அறைக்கு வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட முடியுமா என்று.

நூபியா